மாப்பிள்ளையும் பதினான்காம் கேள்வியும்

பதின்மூன்றாம் கேள்வி வரை மாப்பிள்ளை ராஜநடை போட்டார். பெயர், வயது, படிப்பு, உயரம், அங்க அடையாளம் எல்லாம் முத்து முத்தான எழுத்தில் இறங்கின. அரசாங்கக் கிடங்கில் காப்பாளர் வேலை. எழுத்துத் தேர்வில் தேறியாயிற்று. வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. இதை விட்டால் ஜன்மத்துக்கும் அரசாங்க நாற்காலி கிடையாது. பதினான்காம் கேள்வியில் பேனா நின்றது.

'இதற்கு முன் எந்த வேலையிலிருந்தாவது நீக்கப்பட்டதுண்டா? உண்டு எனில், காரணத்தோடு முன்னாள் முதலாளியின் கடிதத்தை இணைக்கவும்.'

மாப்பிள்ளை என்று அவரை மாமனார் மட்டும் அழைக்கவில்லை. மாமனார் கடைத்தெருவில் பூட்டுக்கடை நடத்தியதால் அந்தத் தெருவே அப்படித்தான் அழைத்தது. கல்யாணமான புதிதில் அந்தக் கடையில் மாப்பிள்ளை நாற்பது நாள் வேலை பார்த்தார். நாற்பத்தோராம் நாள் மாமனார் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "மாப்ளே, உங்க திறமைக்கு இந்தக் கடை ரொம்பச் சின்னதுங்க. வீட்ல நிம்மதியா இருங்க" என்றார். மாப்பிள்ளை அதை அப்படியே நம்பினார். ஒன்பது வருஷமாக எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "அந்தக் கடை எனக்குப் பத்தலை, விட்டுட்டேன்" என்று சொல்லி வருகிறார். கேட்டவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினார்கள். அதையும் மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

ஆகவே 'இல்லை' என்று எழுதினார். அடியில் ஒரு கோடும் போட்டார்.

மனைவி கடைக்குக் கிளம்புகிற அவசரத்தில் தலை வாரிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். அப்பாவுக்கு ஒத்தாசை என்று ஒன்பது வருஷமாக அவள்தான் கடைக்குப் போய்வருகிறாள். அடுப்பும் பாத்திரமும் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையும் மாப்பிள்ளை வசம்.

"என்னங்க இது, இல்லைன்னு எழுதியிருக்கீங்க?"

"நானாத்தானே விட்டேன்."

"உங்களை அனுப்பினாங்க."

"மாமா என்ன சொன்னார்? என் திறமைக்கு..."

"வேற எப்படிச் சொல்லுவார்? பூட்டு வாங்க வந்தவங்ககிட்ட நீங்க என்ன பண்ணினீங்க, அதைச் சொல்லுங்க."

மாப்பிள்ளை செய்தது ஒன்றே ஒன்றுதான். கடையிலிருந்த ஒவ்வொரு பூட்டையும் கொண்டை ஊசியால் இரண்டே நிமிஷத்தில் திறந்து காட்டினார். ஊசியும் மனைவியுடையது. முதல் நாள் வந்தவர்கள் கைதட்டினார்கள். மறுநாள் அக்கம்பக்கத்தாரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கடையில் கால் வைக்க இடமில்லை. வேடிக்கை முடிந்ததும் அத்தனை பேரும் எதிர்க்கடைக்குப் போய்ப் பூட்டு வாங்கினார்கள்.

"அது செயல்முறை விளக்கம்" என்றார் மாப்பிள்ளை.

"அதையே எழுதுங்க."

"கிடங்குச் சாவியைக் குடுக்கப் போறவங்ககிட்ட, சாவி இல்லாமலே திறப்பேன்னு எழுதச் சொல்றியா? வேலை குடுப்பாங்களா, போலீஸைக் கூப்பிடுவாங்களா?"

"மறைச்சுட்டுப் போறீங்க. நாலு வருஷம் கழிச்சுக் கண்டுபிடிச்சு அனுப்பிடறாங்க. அப்போ ரெண்டு தடவை டிஸ்மிஸ் ஆனவர்னு ஆகும். எனக்கு ஒரு தடவையே போதும்" என்று சொல்லிவிட்டு அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மாப்பிள்ளைக்கு மண்டை காய்ந்தது. எழுதினால் வேலை போச்சு, எழுதாவிட்டால் வீட்டில் நிம்மதி போச்சு. பருப்பு வேகிற நேரத்தில்தான் அந்த யோசனை உதித்தது. மாமனார் இருக்க மனக்கவலை எதற்கு? மாப்பிள்ளை தும்மினால்கூட எழுந்து நிற்கிற மனுஷன். 'தானாகவே விலகினார்' என்று ஒரு கடிதம் கேட்டால் மாட்டேன் என்பாரா? பொய் சொன்ன பாவம் மாமனாருக்கு, வேலை மாப்பிள்ளைக்கு. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு அடுப்பை அணைத்தார்.

மகளைக் கடையில் உட்காரவைத்துவிட்டு மாமனார் மதியம் தன் வீட்டுக்குச் சாப்பிடப் போவார். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை போய் நின்றார். மாமனார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவி, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"சொல்லுங்க மாப்ளே."

"ஒண்ணுமில்லை மாமா. கடையை விட்டு நானா விலகினேன்னு ரெண்டு வரி எழுதித் தரணும்."

"ரெண்டு என்ன, நாலு வரியே எழுதறேன். நீங்க கேட்டு நான் மறுப்பேனா?" மாமனார் கண்ணாடியைத் தேடிப் போட்டார். பேனா மூடியைக் கழற்றினார். கழற்றியவர் மறுபடியும் மூடினார். "ஆனா என் கையெழுத்து செல்லாதே மாப்ளே."

"ஏன் மாமா?"

"கடை என் பேர்ல இல்லையே. உங்க கல்யாணத்துக்கு முன்னாடியே பொண்ணு பேருக்கு எழுதி வச்சுட்டேனே. முதலாளி அவதான்."

மாப்பிள்ளை நாற்காலி நுனிக்கு வந்தார். "அப்போ அந்த நாப்பது நாள் நான் வேலை பார்த்தது..."

"அவகிட்டதான்."

"என்னை அனுப்பச் சொன்னது?"

மாமனார் தரையைப் பார்த்தார். "மாப்பிள்ளையைப் போங்கன்னு நான் சொல்லுவேனா? நாக்கு அழுகிடாதா? முதலாளி உத்தரவு, நான் வந்து சொன்னேன். 'உங்க திறமைக்கு'ன்னு ஆரம்பிச்சது மட்டும் என் சொந்தச் சரக்கு."

திரும்பி நடக்கும்போது மாப்பிள்ளைக்கு முதலில் கோபம் வந்தது. தெருமுனை திரும்புவதற்குள் அது வெட்கமாகிவிட்டது. ஒன்பது வருஷம் ஊரெல்லாம் அடித்துவிட்ட பெருமையை நினைக்க நினைக்கக் காது சுட்டது.

சாயங்காலம் மனைவி வந்ததும் கேட்டுவிட்டார். "ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொல்லியிருந்தா ஒரு மாசம் மூஞ்சியைத் தூக்கி வச்சிருப்பீங்க. பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்சீங்க. பார்க்க நல்லா இருந்துது, விட்டுட்டேன்."

அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கடைக் காகிதத்தில் எழுதினாள். மாப்பிள்ளை எதிரே நின்றார். உட்காரத் தோன்றவில்லை. 'இவர் நேர்மையானவர். நாற்பது நாளில் கடையிலிருந்து ஒரு திருகாணிகூடக் காணாமல் போகவில்லை. ஒரு பூட்டுகூட விற்கவும் இல்லை. எல்லாவற்றையும் கொண்டை ஊசியால் திறந்து காட்டியதால் நீக்கினேன்.' கையெழுத்து, முத்திரை. மாப்பிள்ளை பெருமூச்சு விட்டு 'இல்லை'யை அடித்து 'உண்டு' என்று எழுதினார்.

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த அதிகாரியம்மா கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"இதுல முதலாளின்னு கையெழுத்துப் போட்டவங்களும், பத்தாம் கேள்வியில மனைவின்னு எழுதியிருக்கிறவங்களும்..."

"ஒரே ஆள்தான் மேடம்."

"நீக்கினப்புறமும் ஒரே வீட்லதான் இருக்கீங்களா?"

"கடையிலேர்ந்துதான் மேடம் நீக்கினாங்க. வீட்டு வேலை அப்படியே இருக்கு."

ஓரத்தில் இருந்த அதிகாரிக்குப் புரை ஏறியது. அதிகாரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. "உங்களுக்கு முன்னாடி வந்த மூணு பேர் பதினாலாம் கேள்விக்கு இல்லைன்னு எழுதினாங்க. விசாரிச்சோம், பொய்னு தெரிஞ்சது, திருப்பி அனுப்பிட்டோம். பூட்டைத் திறக்கத் தெரிஞ்சவர் ஆபத்து இல்லை. தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கிறவர்தான் ஆபத்து. மனைவி எழுதினா புகழ்ந்து தள்ளியிருப்பாங்கன்னு நினைச்சுத்தான் படிச்சேன். இப்படி ஒரு கடிதத்தைப் புருஷனுக்கு வேலை கிடைக்கட்டும்னு யாரும் எழுத மாட்டாங்க. அதனால நம்பறேன்."

பதினைந்தாம் நாள் நியமன உத்தரவு வந்தது. மாப்பிள்ளை கூடத்தின் நடுவில் நின்று உரக்கப் படித்தார். படித்து முடித்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கேட்டுக்கோ. இன்னிலேர்ந்து எனக்கு அரசாங்கம்தான் முதலாளி. நீ முன்னாள். பாத்திரம் கழுவ வேற ஆளைப் பாத்துக்கோ."

"ரொம்ப சந்தோஷங்க" என்றாள். நிஜமாகவே சந்தோஷம்தான், கண்கூடக் கலங்கியிருந்தது. காகிதத்தை வாங்கித் திருப்பினாள். "பின்பக்கம் படிச்சீங்களா?"

மாப்பிள்ளை படிக்கவில்லை. அவளே படித்தாள்.

'சாவிப் பொறுப்பைக் கருதி, முதல் மூன்று வருஷங்களுக்கு, காப்பாளர் தம்மை அருகிலிருந்து அறிந்த முன்னாள் முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நன்னடத்தைச் சான்று பெற்று அனுப்ப வேண்டும். சான்று திருப்தியாக இல்லையெனில் பணி நீக்கம் செய்யப்படுவார்.'

உத்தரவை நான்காக மடித்துத் தன் கைப்பையில் போட்டு மூடினாள் முன்னாள் முதலாளி.

மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே, "பாத்திரத்தை இப்பவே கழுவிடட்டுமாங்க?" என்றார்.