குழல் சாமி எடுத்த மருந்து

குழல் சாமி சிலிபினில் வந்து இறங்கிய மாதம், அவர் வீட்டு வரிசையின் வால் ஊரைத் தாண்டிச் சிம்பாங் பூலாய் வரைக்கும் நீண்டிருந்தது. கொஞ்சம் குறைத்துத்தான் சொல்கிறேன். வாலில் நின்ற ஓர் ஆணுக்கும் பெண்ணுக்கும் அங்கேயே காதல் உண்டாகி, கல்யாணமும் ஆகி, சாமியின் வாசலை எட்டும்போது அவர்களுடைய தலைப்பிள்ளைக்குத் தொண்டை கட்டியிருந்தது.

சாமியாகும் முன் அவர் பெயர் தர்மேந்திரன். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வடிகட்டும் இயந்திரம் விற்றார். ஊரில் தண்ணீர் சுத்தமாகிவிட்டது போலும், வயிறுகளை வடிகட்ட இறங்கிவிட்டார்.

முறை எளிது. தொண்டை எரிகிறது, குரல் கம்முகிறது, ஏதோ உருண்டை அடைத்த மாதிரி இருக்கிறது என்று போனால் போதும். "சோத்துல மருந்து வச்சிருக்காங்க" என்பார். செம்புக் குழலைக் கழுத்தில் வைத்து உறிஞ்சுவார். வாழையிலையில் துப்புவார். முடியும் மஞ்சளுமாக ஓர் உருண்டை விழும். அப்புறம் கண்ணை மூடி, வைத்தவரின் அடையாளம் சொல்வார்.

"பொம்பளை. உறவு. கறி ஆக்கிப் போட்டவ."

இப்படி ஒருத்தி இல்லாத தமிழ்க் குடும்பம் பேராக்கில் எங்கே இருக்கிறது? ஞானதிருஷ்டி என்றால் அதுவல்லவா.

அந்தத் தீபாவளிக்குச் சிலிபினில் யாரும் யார் வீட்டிலும் கை நனைக்கவில்லை. முறுக்குகள் டின்னுக்குள்ளேயே முதுமை எய்தின.

வரிசையில் எங்கள் கனகராஜும் நின்றான். லோரி ஓட்டுகிறவன். அவன் ஓர் அதட்டல் போட்டால் எதிரே வரும் பஸ் ஓரங்கட்டும். அந்தக் குரல் மாதக்கணக்கில் ஓட்டை டின்னில் கல் உருட்டுவது போல் ஆகிக் கிடந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று மனைவி விமலா நச்சரித்தாள். சாமி தடுத்துவிட்டார்.

"உள்ள கேமரா விட்டா மருந்து நெஞ்சுக்கு இறங்கிடும். அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

மருந்து வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவள் கனகராஜின் அண்ணி தினேஸ்வரி. அதற்கு முந்தின தீபாவளிக்கு ஆட்டுக்கறி ஆக்கிப் போட்ட பாவம். கொழுந்தன் அவள் வீட்டு வாசல் மிதிப்பதை நிறுத்தினான். ஆஸ்பத்திரி இருக்கும் ரோட்டிலேயே லோரியைத் திருப்ப மறுத்தான். தொண்டைக்குள் என்ன வளர்கிறது என்று பார்க்க ஆள் இல்லை.

தினேஸ்வரி அழவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை காலையில், பாத்தேக் துணியில் எதையோ மார்போடு அணைத்துக் கட்டிக்கொண்டு சாமி வீட்டுக்கு வந்தாள். அங்கே விமலாவோடு உட்கார்ந்திருந்த கனகராஜ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"சாமி, பாப்பாவுக்குத் தொண்டை கட்டிடுச்சு. இப்பத்தான் தூங்குது. துணியை விலக்காம எடுக்க முடியுமா?"

"இரும்புச் சுவரே எனக்குத் தடையில்ல. துணியா தடை?"

துணிமேல் குழலை வைத்தார். உறிஞ்சினார். துப்பினார். உருண்டை விழுந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"பொம்பளை. உறவு. பால்ல கலந்து குடுத்திருக்கா. மாமியார்."

தினேஸ்வரி துணியை அவிழ்த்தாள். உள்ளே, காம்பில் இலைகூட வாடாத, பிள்ளைத் தலை அளவுக்குத் தம்புன் ஊர்ப் பம்பளிமாஸ் பழம் ஒன்று.

"இதுக்கு மாமியார் எந்த வீட்டுலன்னும் சொல்லிடுங்க சாமி. கையோட போய்க் கேட்டுட்டு வாரேன்."

கூட்டம் எழுந்து எட்டிப் பார்த்தது. முன்வரிசை பக்தர் ராமையாதான் முதலில் தெளிந்தார். "எந்தக் கெடாய்ல வாங்குன பழம்? மரத்துக்கே வச்சிருப்பானுங்களோ?" பக்தி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

"வாயைத் திறங்க சாமி" என்றாள் தினேஸ்வரி. சாமி அந்த நொடியே மௌன விரதம் ஏற்றார். விமலா ஒரு கிளாஸ் தண்ணீரை நீட்டினாள். "கொப்புளிச்சுத் துப்புங்க. அது போதும்லா."

சாமி விழுங்கித் தப்பப் பார்த்தார். புரையேறியது. இருமிய இருமலில் இலைமேல் இன்னும் இரண்டு உருண்டைகள் வந்து விழுந்தன. அடுத்த நோயாளிக்கும் அதற்கடுத்தவருக்கும் கன்னத்தில் முன்பதிவு செய்து வைத்திருந்த மருந்து. மத்தியானத்துக்குள் வீட்டில் பூட்டுத் தொங்கியது. ஞானதிருஷ்டியில் போலீஸ் தெரிந்திருக்க வேண்டும்.

"அண்ணி" என்று ஆரம்பித்தான் கனகராஜ்.

"அதெல்லாம் அப்புறம். மொதல்ல காடில ஏறு" என்று தன் காரின் கதவைத் திறந்தாள் தினேஸ்வரி.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சாலா கேமராவை விட்டுப் பார்த்தார். குரல்நாண்மேல் வெள்ளைத் திட்டு. வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று கனகராஜ் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான்.

"புற்றுநோய் இன்னும் ஆகல. ஆனா செல்லெல்லாம் வழி தவற ஆரம்பிச்சிருக்கு. நல்ல நேரத்துல வந்தீங்க."

"மருந்து வச்சதுனால இல்லையா டாக்டர்?"

"வயித்துல இருக்கிற அமிலமும் பித்தமும் மேல ஏறித் தொண்டைக்கு வருது. வயிறு தாங்கும், தொண்டை தாங்காது. செல்லுக்குள்ள புண்ணை ஆத்துறதுக்குன்னு ஒரு சுவிட்ச் இருக்கு. பித்தம் பட்டா அது ஆன் ஆயிடும். பெருகு, சாகாதேன்னு செல்லுக்கு உத்தரவு போகும். தெனம் பட்டா சுவிட்சை அணைக்க நேரமே இல்ல. மரபணுவுலயும் கீறல் விழும். கீறலைச் சரி பண்றதுக்குள்ள செல் பெருகிடும். சிலருக்கு அது புற்றுநோய்ல போய் முடியலாம்னு ஆராய்ச்சி சொல்லுது. எல்லாருக்கும் இல்ல. சிகரெட்டும் சேர்ந்தா இன்னும் மோசம்."

கனகராஜ் யோசித்தான். பழக்கம் விடவில்லை. "அந்த சுவிட்சைத் தட்டி விட்டது யாரு டாக்டர்?"

"ராத்திரி என்ன சாப்பிடுவீங்க?"

"ரொட்டி சானாய், ஆட்டுக் கறிக்குழம்பு, ஒரு கிளாஸ் தே தாரிக். ரெண்டு சிகரெட்."

"அப்புறம்?"

"லோரி சீட்டுலயே படுத்திடுவேன்."

"பொம்பளை இல்ல. உறவும் இல்ல" என்றார் டாக்டர். பக்கத்தில் இருந்த தினேஸ்வரி கூரையைப் பார்த்தாள்.

கனகராஜ் சிகரெட்டை விட்டான். சாப்பிட்ட கையோடு படுப்பதையும் விட்டான். மாத்திரை விழுங்குகிறான், சொன்ன தேதிக்குப் போய்த் தொண்டையைக் காட்டுகிறான். எதிரே வரும் பஸ்கள் மறுபடி ஓரங்கட்டத் தொடங்கியிருக்கின்றன.

தர்மேந்திரன் வேறு ஊரில் இப்போது முதுகுவலியை உறிஞ்சுவதாகக் கேள்வி. அங்கேயும் வரிசை பெரிதாம். அதில் நிற்கப் போகிற மகாஜனங்களே, குழல் வைப்பதற்குக் கழுத்து வரைக்கும் இருந்தாலே போதும். அதற்கு மேலே ஒன்றைச் சுமந்து திரிகிறீர்களே, அது எதற்கு என்று ஒரு தடவையாவது கேட்டுப் பாருங்கள்.