பீஸ் என்றார்கள், மெயினை அணைத்தேன்

எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டமிடுகிறவர்களுக்கு அசம்பாவிதம் எதுவும் நேராது என்று ஓர் எண்ணம் உலவுகிறது. நேரும். மற்றவர்களுக்கு ஏனோதானோவென்று நேர்வது எங்களுக்கு நிகழ்ச்சி நிரல்படி நேரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் நூலகத்தில் அட்டவணைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். புத்தகங்களை வகை பிரித்து எண் போடுவது தொழில். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. முத்தியால்பேட்டையில் எங்கள் சமையலறையில் டப்பாக்கள் அகர வரிசையில் இருக்கும். (பொட்டுக்கடலையை உடைச்ச கடலை என்றும் சொல்வதால் அது 'உ'வில் வருமா 'பொ'வில் வருமா என்பதில் எனக்கும் என் கணவருக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.) தினமும் டைரி எழுதுவேன். எழுதாத நாளை நடக்காத நாளாகவே கருதுவேன்.

இப்படிப்பட்ட ஒருத்திக்கு, சில வருடங்களுக்கு முன், இசை ஆர்வம் வந்தது. எல்லோருக்கும் வருகிற மாதிரி பாட்டைக் கேட்டுவிட்டுப் போகிற ஆர்வமாக இருந்திருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. எனக்கு வந்தது கண்டுபிடிக்கிற ஆர்வம். ஜூன் மாத இசைத் திருவிழா வந்தால் புதுச்சேரியில் தெருவுக்குத் தெரு யாராவது கிட்டாரோடு நிற்பார்கள். அவர்களில் சிலர் சினிமாப் பாட்டைத் தொடாமல் தாங்களே எழுதிய பாட்டைப் பாடினார்கள். அது என்னைப் பிடித்துக்கொண்டது. "தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடுபவர்" என்று ஒரு வரையறை வகுத்தேன். அதற்குள் வருகிறவர்களை மட்டும் தேட ஆரம்பித்தேன். கருவடிக்குப்பத்துப் பையன் ஒருவன் அருமையாகப் பாடினான். ஆனால் பாட்டில் ஒரு வரி அவன் தங்கை சொன்னது என்று தெரிந்ததும் அவனை நீக்கிவிட்டேன். (தங்கையைச் சேர்த்திருக்கலாம். தோன்றவில்லை.)

அதோடு விட்டேனா? இசை வரலாறும் படித்தேன். படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆகவே ஒரு நிகழ்ச்சி நடத்துவதென்று தீர்மானித்தேன். ஒவ்வொரு புதுப் பாடகரும் பாடுவதற்கு முன்னால் பாட்டுலக வரலாற்றிலிருந்து ஒரு சம்பவத்தை நான் சொல்வேன். பிறகு அவர் பாடுவார். நிகழ்ச்சிக்குப் பெயர் 'புதுக்குரலும் பழங்கதையும்'.

"பழங்கதைதான் ஜாஸ்தியா இருக்கும்போல," என்றார் என் கணவர், நிரலைப் பார்த்துவிட்டு.

இடம் கொடுத்தவர் மதாம் தெரேஸ். எங்கள் நூலகத்தின் பழைய வாசகி. கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், காலமாகிவிட்டார். அந்தம்மாவுக்குப் பிரெஞ்சுப் பகுதியில் முற்றம் வைத்த பழைய வீடு ஒன்று இருந்தது. அவர் போட்ட ஒரே நிபந்தனை, முன்வரிசை நாற்காலிகள் தன் சிநேகிதர்களுக்கு என்பதுதான். எல்லோரும் அவரைப் போலவே பென்ஷன்காரர்கள். வீட்டில் பிரெஞ்சும் தமிழும் கலந்து பேசுகிறவர்கள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு 'முசியே', 'மதாம்', 'மெர்சி'; அதாவது ஐயா, அம்மா, நன்றி. இந்த மூன்றை வைத்துக்கொண்டே இத்தனை வருடம் இந்த ஊரில் ஓட்டிவிட்டேன்.

நான் கண்டுபிடித்தவர்களில் உண்மையிலேயே பாடத் தெரிந்தவள் நிவேதா. குருசுக்குப்பத்துப் பெண். அவள் அம்மா அஞ்சலை எங்கள் தெருவில் மீன் விற்கிறவள், என் வயதுதான். நிவேதா நர்சிங் முடித்திருந்தாள். ஒரு மருத்துவமனையில் வேலையும் கிடைத்திருந்தது. அந்த வேலையோடு பாட்டையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் ஆசை. பாட்டைக் கடலில் போட வேண்டும் என்பது அஞ்சலையின் ஆசை. நான் நடுவில் புகுந்து, ஒரே ஒரு தடவை வந்து கேள் என்று கெஞ்சினேன். அஞ்சலை வஞ்சிர மீனைத் திருப்பிப் போட்டபடி யோசித்தாள்.

"வரேங்க்கா. ஆனா ஒண்ணு. இது பாடி முடிச்சதும் ஜனங்க தானா வாயத் தொறந்து இன்னொரு தபா பாடுன்னு கேக்கணும். கேட்டா பாடட்டும், நான் குறுக்க வரமாட்டேன். கேக்கலன்னா அந்தக் கிட்டாரு பரணுக்குப் போவணும்."

"நிச்சயமா ஒன்ஸ் மோர் கேப்பாங்க, அஞ்சலை."

"நீ சொல்லிக் குடுத்துக் கேக்க வைக்கக் கூடாது."

அந்த அளவுக்கு என்னைத் தெரிந்து வைத்திருந்தாள்.

நிகழ்ச்சியன்று மாலை, ஒலிபெருக்கிக்கும் விளக்குக்கும் ஒயர் இழுக்க எங்கள் தெரு எலெக்ட்ரீஷியன் பாலு வந்தான். மதாம் வீட்டு மெயின் போர்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். அதில் இருந்தவை பழைய பீங்கான் பீஸ் கட்டைகள்.

"யக்கா, லோடு தாங்கும்னு என்னால சொல்ல முடியாது. ஆம்ப்ளிஃபயரு, சீரியல் லைட்டு, நாலு ஃபேனு. எங்கனா தீஞ்ச வாட வந்தாலோ, யாராச்சும் பீஸு பீஸுன்னு கத்தினாலோ யோசிக்காத. மெயின இறக்கிடு."

"நீ எங்க போற?"

"மேட்ச் இருக்குக்கா."

அவன் போய்விட்டான். நான் என் நாற்காலியை மெயின் போர்டுக்குக் கீழேயே போட்டுக்கொண்டேன். அன்று அந்த முற்றத்தில் என்னைவிடப் பொறுப்பான ஆள் யாரும் இல்லை என்று எனக்கு ஒரு பெருமிதம்.

முதலில் பாடியவன் ஒரு கல்லூரி மாணவன். அவனுக்கு முன்னால் நான் சொன்ன வரலாறு, கிராமபோன் தட்டுகள் பற்றியது. அந்தக் காலத்தில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் போல்தான் பதிய முடியும், பாட்டு முடிந்ததும் பாடியவரே தன் பெயரை உரக்கச் சொல்லிவிடுவார், அதைக் கேட்டுத்தான் தொழிற்சாலையில் தட்டுக்குச் சீட்டு ஒட்டுவார்கள் என்று விளக்கினேன். பையன் இதை என் வேண்டுகோளாக எடுத்துக்கொண்டான். பஸ் ஸ்டாண்டில் காதலியைத் தவறவிட்டதைப் பற்றி உருக்கமாகப் பாடி முடித்த கையோடு, தன் பெயரையும் அப்பா பெயரையும் போன் நம்பரையும் உச்சஸ்தாயியில் கத்தினான். முன்வரிசை திடுக்கிட்டது.

அடுத்து நிவேதா. அவளிடம் மின்சாரத்தில் இணைக்கிற கிட்டார் இருந்ததால் அதற்குப் பொருத்தமான சம்பவத்தைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அமெரிக்காவில் நாட்டுப்பாடல் பாடிப் புகழ்பெற்ற ஓர் இளைஞர், திடீரென்று ஒரு விழா மேடைக்கு மின்சாரக் கிட்டாரோடு வந்துவிட்டார். கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது. மேடைக்குப் பின்னால் இருந்த பெரியவர் ஒருவர், கையில் கோடாலி இருந்தால் ஒயரையே வெட்டிவிடுவேன் என்றாராம். "புதிய குரல் வரும்போது ஒயரை வெட்டுகிறவர்கள் எக்காலத்திலும் இருப்பார்கள்," என்று முடித்தேன். முடித்துவிட்டு மெயின் சுவிட்சுக்குக் கீழே போய் உட்கார்ந்தேன்.

அஞ்சலை கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். உட்காரச் சொன்னதற்கு, "பரவால்லக்கா, போவறதுக்கு சுளுவா இருக்கும்," என்றுவிட்டாள்.

நிவேதா பாட்டைத் தொடங்கினாள்.

"ஆறு மணிக்கு அலாரம் வேணாம்,
அம்மா பேசுது போனுல.
ஊரு எழுந்து பல்லு வெளக்குது,
நான் மட்டும்தான் தூக்கத்துல."

அது முழுக்க முழுக்க அஞ்சலையின் குரலைப் பற்றிய பாட்டு. பேரம் பேசும் குரல், திட்டும் குரல், திட்டிவிட்டுச் சாப்பிட்டியா என்று கேட்கும் குரல். கூட்டம் சிரித்தது. கடைசி வரிசையிலிருந்து, "இன்னாடி இது, என்னையா பாடற?" என்று அசல் குரலே கேட்டதும் இன்னும் சிரித்தது. கடைசி அடியில் கிட்டாரை நிறுத்திவிட்டு வெறும் குரலில் பாடினாள். யாரும் சிரிக்கவில்லை. பாட்டு முடிந்தது.

நான் 'ஒன்ஸ் மோர்' என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன்.

முன்வரிசையில் மதாம் தெரேஸ் எழுந்தார். கையை உயர்த்தி, "பீஸ்!" என்றார். பக்கத்திலிருந்த முசியேவும் "பீஸ்! பீஸ்!" என்றார். அடுத்த நொடி முன்வரிசை முழுவதும் பீஸ், பீஸ் என்று ஒரே குரலாக முழங்கியது. அத்தோடு எல்லோரும் காலைத் தரையில் தட்டவும் ஆரம்பித்தார்கள்.

பீஸ் என்ற சத்தம் மட்டுமே எனக்குப் போதுமானதாக இருந்திருக்கும். காலையும் தட்டியதைப் பார்த்ததும் தரையில் மின்சாரம் பாய்கிறது என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். பாலு யோசிக்காதே என்று சொல்லியிருந்தான். யோசிக்கவே இல்லை. துள்ளி எழுந்து மெயினை இறக்கினேன்.

கும்மிருட்டு.

"யாரும் தரையத் தொடாதீங்க. எல்லாரும் காலைத் தூக்குங்க," என்று கத்தினேன்.

பாவம், மரியாதை தெரிந்த மனிதர்கள். தூக்கினார்கள். யாரோ செல்போன் விளக்கைப் போட்டபோது, பிரெஞ்சு ராணுவத்தின் ஓய்வூதியதாரர்கள் ஒரு வரிசை முழுக்க, இரண்டு காலையும் அந்தரத்தில் நீட்டியபடி உட்கார்ந்திருந்தார்கள்.

பின்னாலிருந்து அஞ்சலையின் குரல் வந்தது. "பாட்ட நிறுத்தச் சொல்லிட்டாங்களாடி?"

"அப்டித்தாம்மா போல," என்றாள் நிவேதா. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"செரி. எட்றி கிட்டார. போவலாம்."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. "மதாம், எங்க புகையுது?" என்றேன்.

"எந்தப் பொகை? நாங்க பீஸ் கேட்டோம்," என்றார் மதாம், காலை இறக்காமல்.

"பீஸ் கட்டை இங்கதான் இருக்கு மதாம். நல்லாத்தான் இருக்கு."

"கட்டை எதுக்கும்மா எங்களுக்கு? பிரெஞ்சுல பீஸ்னா மறுபடியும்னு அர்த்தம். அந்தப் பொண்ண இன்னொரு வாட்டி பாடச் சொன்னோம்."

இருட்டில் என் கணவர் நிதானமாக மொழிபெயர்த்தார். "அதாவது, ஒன்ஸ் மோர்."

மதாமுக்குப் பக்கத்திலிருந்த முசியே, "நீங்க கோடாலிக் கதையத்தான் நடிச்சுக் காட்டுறீங்கன்னு நெனச்சேன். நல்லா இருந்துச்சு," என்றார்.

அதற்குள் அஞ்சலை மகளை இழுத்துக்கொண்டு தெருவாசலுக்குப் போய்விட்டாள். நான் ஓடினேன். வழியில் நானே வரிசையாக அடுக்கி வைத்த குரோட்டன்ஸ் தொட்டிகள். முதல் தொட்டியில் முழங்காலும் இரண்டாவதில் தலையும் பட, வாசற்படியில் அஞ்சலையின் காலடியில் போய் விழுந்தேன். (காலில் விழுந்து கெஞ்சினேன் என்று பின்னால் அவள் சொல்லிவருவது இதைத்தான்.)

"அஞ்சலை, போவாத. அவங்க இன்னொரு தடவ பாடச் சொன்னாங்க."

"எனக்குக் காது இல்லியா? பீஸப் புடுங்குன்னு கத்தினாங்க."

"புடுங்குன்னு அவங்க சொல்லல. புடுங்கினது நான்."

"நீ எதுக்குப் புடுங்கன?"

"அவங்க பீஸ்னு சொன்னாங்க."

"அதத்தானேக்கா நானும் சொல்றன்."

இந்த உரையாடலுக்கு முடிவே இல்லை என்பது இருவருக்கும் புரிந்தது. நிவேதா எங்களைத் தாண்டி உள்ளே பார்த்தபடி நின்றாள். அஞ்சலை அவள் முகத்தை ஒரு முறை பார்த்தாள். பிறகு விடுவிடுவென்று முற்றத்துக்குத் திரும்பிப் போய், செல்போன் வெளிச்சத்தில், முன்வரிசைக்கு எதிரில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இந்தக்கா சொல்றத நான் நம்பல. யாரு இன்னொரு தபா பாடச் சொன்னது? கையத் தூக்குங்க."

ஏற்கனவே காலைத் தூக்கியிருந்தவர்கள் இப்போது கையையும் தூக்கினார்கள். பின்வரிசையும் தூக்கியது. பஸ் ஸ்டாண்டுப் பையன் இரண்டு கையையும் தூக்கினான்.

"எந்தப் பாட்டு?"

"அதே பாட்டுதான்," என்றார் மதாம்.

"என்னத் திட்டற பாட்டா?"

"வுய்," என்றார்கள் ஒரே குரலில். அதற்கு ஆமாம் என்று அர்த்தம் என்பது, என் மூன்று சொல்லில் அது இல்லாவிட்டாலும், எனக்கும் புரிந்தது, அஞ்சலைக்கும் புரிந்தது.

அஞ்சலை முன்வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பாடு. என்ன ஒரண்ட இழுத்ததுக்கு ஊட்ல வச்சுக்கறேன்," என்றாள்.

நான் பெருமிதத்தோடு போய் மெயினைத் தூக்கினேன். சட்டென்று நீலமாக ஒரு பொறி, ஒரு கருகல் வாடை. இந்த முறை உண்மையான பீஸே போய்விட்டது. யாரும் கத்தவில்லை. கத்தினாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

ஒலிபெருக்கி இல்லை, விளக்கும் இல்லை. நிவேதா மேடையை விட்டு இறங்கி, அம்மாவுக்கு எதிரில் ஒரு தொட்டி விளிம்பில் உட்கார்ந்து பாடினாள். ஃபேன் இரைச்சல் போன பிறகுதான் அந்தக் குரலில் என்ன இருக்கிறது என்று எனக்கே கேட்டது. தெருவில் போனவர்கள் வாசலில் நின்றார்கள். கடைசி அடி வந்தபோது அஞ்சலை முந்தானையை எடுத்துப் பிடரியைத் துடைத்தாள், பிறகு கழுத்தை, பிறகு கண்ணை. பாட்டு முடிந்ததும், மதாம் வாயைத் திறப்பதற்குள், "இன்னும் ஒரு பீஸு," என்றாள்.

கிட்டார் பரணுக்குப் போகவில்லை. நிவேதா இப்போது மருத்துவமனை வேலையும் பார்க்கிறாள், விடுமுறைக்கு விழுப்புரம், கடலூர் என்று போய்ப் பாடவும் செய்கிறாள். போகிற இடமெல்லாம் இந்தப் பாட்டுக்கு முன்னால் என் கதையைச் சொல்கிறாளாம். பிரெஞ்சு வாடையே படாத ஊர்களில்கூடக் கூட்டம் பீஸ், பீஸ் என்று கத்துகிறதாம். பாட்டுலக வரலாற்றில் இப்படியாக எனக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டது. அதை எந்த வகையில் எண் போட்டு வைப்பது என்றுதான் தெரியவில்லை.

என் வீட்டில் இரண்டாவது தோசைக்கு என் கணவர் பீஸ் என்றுதான் சொல்கிறார். வீட்டில் கரண்ட் போனால், "நீ ஒண்ணும் பண்ணாத, அப்டியே உக்காரு," என்கிறார்.

அஞ்சலை இன்னும் எங்கள் தெருவில்தான் மீன் விற்கிறாள். போன வாரம் நல்ல வஞ்சிரம் கொண்டுவந்திருந்தாள். எடை போட்டாயிற்று. அரிவாள்மணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, தெருவே கேட்கும்படி, அந்தப் பாட்டில் வருகிற அதே குரலில் கேட்டாள்:

"யக்கா, பீஸ் போடவா? இல்ல, காலத் தூக்கிக்கிறியா?"