மத்தியானக் கரண்ட்

ஊருக்கே கரண்ட்டைப் பங்கு வைக்கிற வேலை அவருக்கு. மின்சாரக் கட்டுப்பாட்டு அறையில் இரவு ஷிஃப்ட். எந்தத் தெருவுக்கு எவ்வளவு விடுவது, எங்கே குறைப்பது என்று விடிய விடியத் திரையைப் பார்த்து முடிவு பண்ணுவார். வீட்டில் மட்டும் அவர் பேச்சுக்கு ஒரு பல்புகூட அணையாது.

மொட்டை மாடியில் சோலார் தகடு மாட்டிய அன்று அந்தக் குறையைத் தீர்த்துவிடுவது என்று கிளம்பினார்.

"இங்க பாரும்மா. சாயங்காலம் எல்லாரும் ஒரே நேரத்துல சுவிட்சைப் போடுறதாலதான் நாடே திணறுது. நம்ம வீட்ல இனிமே அது கிடையாது. உச்சி வெயில்ல கரண்ட் கொட்டும். துவைக்கிறது, அரைக்கிறது, தண்ணி ஏத்துறது எல்லாம் அப்பத்தான். கேஸையும் மூடிடு. கரண்ட் அடுப்புலயே சமைச்சுக்க."

மனைவி குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். "எல்லாமே மத்தியானமா?"

"எல்லாமே."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"என் தொழிலே அதுதானேம்மா."

"சரிங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து சண்டை போடாமல் கிடைத்த முதல் சரி அது. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். பெருமையில் நெஞ்சு விரிந்த விரிப்பில் மூளைக்கு இடம் பத்தவில்லை.

மறுநாள் காலை வேலை முடிந்து வந்தார், சாப்பிட்டார், படுத்தார். கண் சுகமாகச் செருகிய நேரம் சூரியன் உச்சிக்கு வந்தது. மோட்டார் உறுமியது. மிக்ஸி அலறியது. குக்கர் கத்தியது. வாஷிங் மெஷின் சாமி வந்த மாதிரி ஆடியதில் கட்டில் ஒரு சாண் நகர்ந்தது.

தலையணையோடு வெளியே வந்தார். "என்னம்மா இது?"

"வெயில் வந்துடுச்சுங்க."

"நான் தூங்க வேண்டாமா?"

"தாராளமாத் தூங்குங்க. நாங்களா எழுப்பினோம்?"

அடுத்த நாள் கண் விழித்தால் தலைமாட்டில் தடதடவென்று ஒரு தையல் மெஷின். பின்னால் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா.

"மீதிக் கரண்ட் வீணாப் போகுதாமே தம்பி, உங்க வீட்டம்மாதான் கூப்பிட்டா. பிளக் இங்கதான் இருக்கு. நீங்க படுங்க, நான் பாட்டுக்குத் தைச்சுட்டுப் போறேன்."

அந்த வாரமே கட்டுப்பாட்டு அறையில் திரைக்கு முன்னால் தலை தொங்கிவிட்டது. மேலதிகாரி தோளைத் தட்டினார். "இன்னொரு தரம் இப்படித் தூங்கினா, வேலையை விட்டுட்டு வீட்லயே தூங்கிக்கலாம்."

வீட்டில் தூங்க முடிந்தால் அவர் எதற்கு இங்கே தூங்கப்போகிறார்?

அன்று மத்தியானம் மெஷின் ஆடி நின்றதும் மனைவி முன்னால் போய் நின்றார். "வேலைக்கே வேட்டு வந்துடும் போலிருக்கு. எல்லாத்தையும் பழையபடி எப்ப வேணும்னாலும் போட்டுக்க."

"சாயங்காலமேவா?"

"சாயங்காலமே."

"நாடு திணறுமே?"

"திணறட்டும்."

அவள் பெருமூச்சு விட்டாள். "இருந்தாலும் இவ்வளவு வெயிலைச் சும்மா விட மனசு வரலைங்க. கரண்ட்டும் வேண்டாம், சத்தமும் வராது. ஒரே ஒரு வேலை மட்டும் மத்தியானம் நடக்கட்டுமா?"

"தாராளமா நடக்கட்டும்" என்றார் பாதித் தூக்கத்தில்.

ஈரத்துணிக் கூடை கைக்கு வந்தது. ஏன், எதற்கு என்று கேட்பதற்குள் மாடிப்படியில் பாதி ஏறியிருந்தார். கீழேயிருந்து குரல் வந்தது.

"கிளிப்பையெல்லாம் மேலயே வெச்சுட்டு வாங்க. நாளைக்கும் நீங்கதானே."