ஓரிக்கை அம்மாவைச் சுற்றி வளைந்த ஒளி

யாராவது ஒரு கேள்வி கேட்டால் முழு விளக்கம் சொல்லாமல் விடமாட்டேன். அந்த வியாதி முற்றியிருந்த நேரத்தில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

செல்போன் வந்த புதிது. அப்பா பட்டுப் புடவை நெய்பவர். நான் சென்னையில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவி. ஓரிக்கையிலிருந்து வந்த மாப்பிள்ளை சரவணன் பள்ளி ஆசிரியர். அவருடைய தாயார் நல்ல வாட்டசாட்டம். (எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி ஒருமுறை முனகிவிட்டுத்தான் அவரை ஏற்றுக்கொண்டது.)

“நீ இன்னாம்மா படிக்கிற?” என்று கேட்டார்.

பிசிக்ஸ் என்று சொல்லிவிட்டுக் கேசரித் தட்டை நீட்டியிருக்கலாம். நானோ, கண்ணுக்கே தெரியாத கரும்பொருள் பிரபஞ்சமெங்கும் இருக்கிறது, அதன் எடை பின்னாலிருந்து வரும் ஒளியை வளைக்கிறது, அந்த வளைவை வைத்து எடையைக் கண்டுபிடிக்கிறோம் என்று ஆரம்பித்தேன். எல்லோரும் கேசரியையே பார்த்தார்கள். அதோடு நிறுத்தினேனா?

ஓடிப்போய் அப்பாவின் பட்டு நூலில் கொஞ்சம் எடுத்துவந்தேன். மாப்பிள்ளையை நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தி நுனிகளைக் கொடுத்தேன். அவர் தொலைதூர விண்மீன் மண்டலம். நூல்கள் ஒளிக்கதிர்கள். அவற்றைத் தாயாரின் இரண்டு பக்கமும் வளைத்துக் கொண்டுவந்து முன்னால் நின்று இழுத்துப் பிடித்தேன்.

“இப்படி ரெண்டு பக்கமும் வளைஞ்சு வர்றதால, அவர் எனக்கு ரெண்டா தெரிவாரும்மா.”

(அப்பா கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தார்.)

“நடுவுல நான் எதுக்கும்மா?”

“நீங்கதான் வெயிட்டு.”

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. சமாளிப்பதாக நினைத்து, “வெளிய தெரியறதவிட உள்ள பல மடங்கு இருக்குதும்மா” என்று சேர்த்துக்கொண்டேன்.

அவர் விருட்டென்று எழுந்தார். பதற்றத்தில் நானும் மாப்பிள்ளையும் நூலை விட மறந்து, ஆளுக்கொரு பக்கம் அவரைச் சுற்றி ஓடினோம். வளையல், காப்பி டம்ளர், நாற்காலிக் கை எல்லாம் ஒரே சிக்கல். நூலை அறுத்திருந்தால் ஒரு நொடி வேலை. அப்பாவுக்கு மனசு வரவில்லை. சம்பந்தியம்மாளை அசையாமல் நிற்கச் சொல்லி, அரை மணி நேரம் இழை இழையாகப் பிரித்தார். அந்த நேரம் முழுக்க நான் அடுப்படியில் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் சம்மதம் என்று போன் வந்தது. அம்மாவால் நம்பவே முடியவில்லை. ஏன் என்று கேட்டேவிட்டாள்.

“மத்த பொண்ணுங்கல்லாம் மனசுக்குள்ள நெனச்சிக்கினு சிரிச்சிதுங்க. இது நேராச் சொல்லிச்சு” என்றார் சரவணனின் தாயார்.

இன்றைக்கும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், என் மாமியார் முன்பின் தெரியாதவர்களைக்கூடக் கூப்பிட்டு என்னை அறிமுகம் செய்துவைக்கிறார்: “இவ என் மருமக. என்னை எடை போட்டே டாக்டர் பட்டம் வாங்கிட்டா.”