ஜெயக்கொடியின் கட்டுப்பல்

காலடிப்பேட்டை,
12-3-1953

மதிப்புக்குரிய மச்சான் ராசையா அவர்களுக்குச் சண்முகவேல் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. திருச்செந்தூர் முருகன் கிருபையால் இங்கே உங்கள் தங்கை பூமாரியும் மகள் ஜெயக்கொடியும் நலம். நான் நலத்துக்கும் ஒரு படி மேலே இருக்கிறேன். கூடவே இருந்து குழி பறித்தவனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் மச்சான்!

உங்கள் மருமகளுக்கு வந்த இரண்டு வரன்களை மொட்டைக் கடிதம் கலைத்தது உங்களுக்குத் தெரியும். பெண்ணுக்கு இழுப்பு நோய் என்று முதலில் எழுதினான் எவனோ. தூக்கத்தில் நடக்கிறாள் என்று அடுத்ததில் எழுதினான். எனக்குச் சந்தேகமெல்லாம் மீன்கார அங்கம்மா மேல்தான். நம் மளிகைக் கடை வாசலில் மீன்கூடையை இறக்காதே என்று நான் சொன்ன நாளிலிருந்து தெருவே கேட்க என்னை ஏசுகிறவள். நேரே போய்க் கேட்டேன். "இன்னா மொதலாளி, நானா எய்தினேன்? எனக்குக் கைநாட்டுதான் தெரியும்! உன்னைத் திட்டணும்னா மூஞ்சிக்கு நேரா திட்டிட்டுப் பூடுவேன், அதுக்கு இன்னாத்துக்குக் கடுதாசி?" என்றாள். நியாயம்தானே!

அப்புறம்தான் பக்கத்துக் கடைத் தங்கப்பாண்டி நினைவுக்கு வந்தான். பதினைந்து வருஷப் பழக்கம். ஒவ்வொரு வரன் கலைந்தபோதும் என்னைவிட அதிகமாக அழுதவன். மனசு கேட்கவில்லை, ஆனாலும் சோதித்தேன். "போன வருஷம் கிணற்றடியில் விழுந்ததில் பிள்ளைக்கு முன்பல் மூன்று போய்விட்டது, இப்போது இருப்பது கட்டுப்பல்" என்று அவன் காதில் மட்டும் ஒரு பொய்யைப் போட்டு வைத்தேன். "ஐயோ, நம்ம பிள்ளைக்கா!" என்று உருகிப்போனான் பாவி.

நேற்று ராயபுரத்துச் சிவந்தி தன் மகனுக்காகக் குடும்பத்தோடு பெண் பார்க்க வந்தார். வந்ததிலிருந்து ஜெயக்கொடியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. முழுக் கருப்பட்டி ஒன்றை அவள் கையில் கொடுத்து, கடி தாயி என்றேன். ஒரே கடி! படக்கென்று இரண்டாக உடைந்தது மச்சான்! சிவந்தி சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து, "அப்ப இது என்ன அண்ணாச்சி?" என்றார். முன்பல் மூன்றும் கட்டுப்பல் என்று எழுதியிருந்தது.

அப்படியே ஓடிப்போய்த் தங்கப்பாண்டியின் சட்டையைப் பிடித்து நடுத்தெருவுக்கு இழுத்து வந்தேன். கழுத்தறுத்தவனே, முதுகில் குத்தியவனே என்று வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். தலையைக் குனிந்தபடி நின்றான். "தோஸ்து தோஸ்துன்னு இவங்கூடவே சுத்திக்கினு இருந்துட்டு, என்னைப் போய்ப் பேஜாரு பண்ணியே நைனா!" என்று என்னைக் கேட்டபடி அங்கம்மா கூடையோடு வந்து சேர்ந்துகொண்டாள். காலடிப்பேட்டையே கைதட்டியது. சிவந்தி அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார். வைகாசியில் கல்யாணம்!

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. தாய்மாமன் நீங்கள் பத்து நாள் முன்னதாகவே வந்து பந்தக்கால் நட வேண்டும்.

இப்படிக்கு,
வெற்றி கண்ட
சண்முகவேல்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் பசை கேட்டேன். ஜெயக்கொடி வாங்கிப் படித்துவிட்டு அழுதாள். "தங்கப்பாண்டி சித்தப்பாவ எழுதச் சொன்னதே நாந்தாம்ப்பா. பாளையங்கோட்டையில வாத்தியார் படிப்புல சேரணும்னு எத்தனை தடவ சொன்னேன், நீங்க காதுலயே வாங்கல. நடுத்தெருவுல அத்தனை ஏச்சு வாங்கியும் அவுக என்னைக் காட்டிக்கொடுத்தாகளா?" என்றாள். கட்டுப்பல் மட்டும் அவளுக்குத் தெரியாதாம், அவனாகவே சேர்த்துக்கொண்டானாம்.

பந்தக்கால் வேண்டாம் மச்சான். தங்கப்பாண்டி கடையைப் பூட்டிவிட்டு எர்ணாவூரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டான். பார்க்கக் கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் போனால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்பதால் நடந்தே போகிறேன். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பதென்று இன்னும் தெரியவில்லை.