கொமட்டுக்குப் போட்ட மாலை

அண்டைக்கு எனக்கிருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். பாரிஸ் லாச்சப்பலிலை நாங்கள் இருந்த அறையிலை கிடந்த கொமட்டை, நகரத்துக்கு வெளியிலை கூசேன்வில்லிலை கட்டிக்கொண்டிருந்த எங்கடை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுக்கிறது.

கொமட் எண்டால் வேறை ஒண்டுமில்லை. கக்கூசிலை இருக்கிற அதே கொமட்தான். வெள்ளைப் பீங்கான்.

அது ஏன் அறைக்குள்ளை வந்தது எண்டு கேப்பியள். சொல்லுறன்.

வீடு கட்டி முடிய மட்டும் எண்டு சொல்லி, மரக்கறிக் கடை ஒண்டுக்கு மேலை இருந்த ஒற்றை அறையிலை நானும் மனுசி ரஜனியும் ரெண்டு பிள்ளையளும் குடியேறினம். "நாலே நாலு மாசம்" எண்டு நான்தான் சொன்னனான். கட்டுறவன் சொன்னதை நம்பிச் சொன்னது. பிறகு பனி வந்து போச்சுது. மழை வந்து போச்சுது. மேசன்மாருக்கு லீவு வந்து போச்சுது. நாங்கள் மட்டும் அந்த அறையை விட்டுப் போகேல்லை.

ஒராள் திரும்பிப் படுத்தால் மற்ற மூண்டு பேரும் திரும்ப வேணும். சின்னவன் எழும்பினால்தான் கதவைத் திறக்கலாம். ரஜனி மீன் பொரிச்சால் என்ரை வேலை உடுப்பு ஒரு கிழமைக்கு மணக்கும்.

இந்தச் சீரிலை இருக்கேக்கைதான் நான் மலிவு விற்பனையிலை கொமட்டைக் கண்டு, ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டு வந்தன். கட்டுற வீட்டிலை வைக்கேலாது. அங்கை இன்னும் முன்கதவு பொருத்திப் பூட்டேல்லை.

"உதை எங்கை வைக்கப் போறியள்?" எண்டு ரஜனி கேட்டா.

"கட்டிலுக்குப் பக்கத்திலை."

"நல்லது. இனிக் கட்டிலாலை எழும்பவே தேவையில்லை."

கொஞ்ச நாளிலை அது எங்கடை குடும்பத்திலை ஒராளாப் போச்சுது. மூடிக்கு மேலை ரைஸ் குக்கர் இருக்கும். குக்கரை இறக்கினால் மகள் அதிலை இருந்து வீட்டுப்பாடம் செய்வாள். ஆரும் வீட்டுக்கு வந்தால் ரஜனி ஒரு நல்ல துவாய்த் துணியை விரிச்சு, "இருங்கோ, இருங்கோ" எண்டு அதிலைதான் இருத்துவா. ஒரு பெரியவர் தேத்தண்ணி குடிச்சு முடிச்சு எழும்பேக்கைதான் துவாயை விலத்திப் பாத்தவர். அதோடை அவர் எங்கடை பக்கம் வாறதை விட்டிட்டார்.

அண்டைக்குக் காலமை பிளம்பர் போன் எடுத்தான். போத்துக்கல்காரன். நல்ல வேலைகாரன், ஆனால் பேச்சு வெட்டொண்டு துண்டு ரெண்டு.

"இண்டைக்கு ரெண்டு மணிக்குள்ளை கொமட் வந்தால் பொருத்திப் பூட்டுவன். பின்னேரம் ஊருக்கு வெளிக்கிடுறன். பிறகு லீவு முடிஞ்சுதான்."

அறைக்காரரோ மாசக் கடைசியிலை அறையை விடச் சொல்லிப்போட்டார். அவரின்ரை மச்சான் குடும்பம் வருகுதாம். கக்கூஸ் இல்லாத வீட்டுக்குப் போகவும் ஏலாது, அறையிலை இருக்கவும் ஏலாது. அண்டைக்குக் கொமட் போய்ச் சேராட்டில் நாங்கள் நாலு பேரும் நடுரோட்டிலை. கொமட்டோடை அஞ்சு பேர்.

வான் தாறன் எண்ட சிநேகிதனுக்குப் போன் அடிச்சன்.

"மச்சான், வான் ஸ்ராட் ஆகுதில்லையடா!"

"பரவாயில்லை, றெயினிலை கொண்டுபோறன்" எண்டன் ரஜனிக்கு.

மகள் துள்ளி எழும்பினாள். "பப்பா, செ லா ஒந்த்!" எண்டாள். வெக்கக்கேடாம். சிநேகிதப் பிள்ளையள் ஆரும் கண்டால் தான் இனிப் பள்ளிக்கூடமே போகமாட்டாளாம். எல்லாம் பிரெஞ்சிலைதான். கோவம் வந்தால் அவளுக்குத் தமிழ் மறந்துபோகும்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் வெக்கம்தான். லாச்சப்பல் தெருவாலை கொமட்டோடை போறதும், மேடை போட்டு மைக்கிலை அறிவிக்கிறதும் ஒண்டு.

அதாலை கறுத்தக் குப்பைப் பையாலை மூண்டு சுற்றுச் சுத்தினன். அதுக்கு மேலை மண்ணிறத்து ஒட்டு ரேப். மூடியைக் கழட்டி முதுகுப்பைக்குள்ளை செருகினன். எந்தப் பக்கத்தாலை பாத்தாலும் அது கொமட் எண்டு ஒருத்தராலையும் சொல்லேலாது! என்ரை கெட்டித்தனத்தை நினைச்சு நானே சிரிச்சன்.

கீழ்க்கடையிலை வெங்காய மூட்டை தள்ளுற வண்டிலை இரவல் வாங்கி, அதிலை ஏத்திக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டன்.

கார் து நோர் ஸ்ரேசன் நடந்து போற தூரம்தான். பாதி வழி ஒரு கரைச்சலும் இல்லை.

கடை ஒண்டாலை இறங்கி எதிரை வந்தார் சிவபாதம் மாஸ்டர். கூசேன்வில் போற வழியிலை, ஸ்தேனிலை இருக்கிறவர். எங்கடை பிள்ளையளுக்கு ஞாயிற்றுக்கிழமையிலை தமிழ் படிப்பிக்கிறவர். கோயில் திருவிழா எண்டால் முன்வரிசையிலை நிப்பார்.

"என்ன தம்பி கொண்டுபோறீர்?"

கொமட் எண்டு சொல்லியிருக்கலாம். ஒரு சொல்லு. அதோடை கதை முடிஞ்சிருக்கும்.

"சிலை, மாஸ்டர். புது வீட்டுக்கு" எண்டிட்டன்.

"என்ன சிலை?"

"பிள்ளையார்."

மாஸ்டர் கறுத்தப் பையை மேலையும் கீழையும் பாத்தார். "ஓமோம். வயிறு தெரியுது."

பிறகு அவரின்ரை முகம் மாறிச்சுது. "என்ன வேலை இது? சாமியைக் குப்பைப் பையிலை சுத்திக்கொண்டு வாறீர்?"

"மழை வந்தாலும் எண்டு..."

"வெறுமையாக் கொண்டுபோகக் கூடாது. நில்லும்!"

பக்கத்துப் பூக்கடைக்குள்ளை போனார். மாலையோடையும் குங்குமத்தோடையும் வந்தார். நான் "வேண்டாம் மாஸ்டர், வேண்டாம்" எண்டு சொல்லச் சொல்ல மாலையைப் போட்டு, கறுத்தப் பையிலை வட்டமாப் பொட்டும் வைச்சார். சப்பாத்தைக் கழட்டி ஒரு பக்கம் வைச்சிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டார்.

நானும் கும்பிட்டன். வேறை என்ன செய்யிறது? றோட்டாலை போன ரெண்டு மனுசியளும் கன்னத்திலை போட்டுக்கொண்டு போச்சினம்.

பிள்ளையாரே, இதுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை எண்டு சொல்ல வாய் உன்னிச்சுது. முழுச் சம்பந்தமும் எனக்குத்தான் எண்டபடியாலை இன்னொருக்காக் கும்பிட்டன்.

"நானும் அதே றெயின்தான். வாரும்" எண்டார் மாஸ்டர்.

போச்சுடா!

ஸ்ரேசனிலை கீழை இறங்கி, வண்டிலைத் தூண் ஒண்டுக்குப் பக்கத்திலை நிப்பாட்ட என்ரை போன் அடிச்சுது. பிளம்பர். கீழை ஒண்டும் கேக்குதில்லை.

"மாஸ்டர், ரெண்டு நிமிசம். கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ."

"நீர் போம் தம்பி. பிள்ளையாரை நான் பாக்கிறன். எங்களைப் பிள்ளையார் பாப்பார்."

மேலை ஓடிப்போய்க் கதைச்சன். "வந்துகொண்டிருக்கிறன், வந்துகொண்டிருக்கிறன்" எண்டு அவனைச் சமாதானப்படுத்திப்போட்டுத் திரும்பினால், கீழை போற படியை மறிச்சுச் சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருக்கு. பொலிஸ். துவக்கோடை ஆமி. ஸ்பீக்கரிலை அறிவிப்பு: அநாதரவாக் கிடக்கிற பொதி ஒண்டாலை றெயின் எல்லாத்தையும் நிப்பாட்டியிருக்காம்.

குதிக்காலை உயர்த்தினன்.

சனத்துக்கு மேலாலை எட்டிப் பாத்தன். கீழை வெறும் தரை. ஒரு குஞ்சு குருமன் இல்லை. நடுவிலை மாலையும் பொட்டுமாத் தனிய நிக்குது என்ரை கொமட்!

மாஸ்டரைக் காணேல்லை.

பக்கத்திலை நிண்ட எங்கடை ஆள் ஒருத்தர், குசினிச் சப்பாத்தோடை, பொரிஞ்சு தள்ளினார். "எந்த விசரன் வைச்சிட்டுப் போனானோ! மத்தியானச் சமையலுக்கு நான் நிக்க வேணும்."

"ஓமண்ணை. பொறுப்பில்லாத சனம்" எண்டன் நான்.

"பாரும், இப்ப குண்டு எடுக்கிற ஆக்கள் வந்து அதை வெடிக்க வைப்பினம்."

"வெடிக்க வைப்பினமோ?"

"பின்னை? கொண்டுபோய்க் குடுப்பினமோ?"

அதோடை எனக்கு வெக்கம், பயம் எல்லாம் பறந்துபோச்சுது. சனத்தை இடிச்சுக்கொண்டு முன்னுக்குப் போனன். பொலிஸ்காரி ஒருத்தி நிண்டா.

நான் வேலை செய்யிறது றெஸ்ரோறன்ரிலை. வெங்காயத்திலை இருந்து கணவாய் மட்டும் எல்லாத்துக்கும் பிரெஞ்சுப் பேர் தெரியும். கொமட்டுக்கு என்ன பேர்? ஒருக்காலும் சமைக்காத சாமான். கக்கூசுக்குத் தெரிஞ்ச பிரெஞ்சுச் சொல்லைச் சொன்னன்.

"மதாம், துவலெத்!"

அவ திரும்பிப் பாக்காமலே கையைக் காட்டினா. "கடைசியிலை வலப்பக்கம், மிசியூ."

"நோ மதாம்! மே துவலெத்! என்ரை துவலெத்!"

"விளங்குது மிசியூ. எல்லாருக்கும் அவசரம்தான். வலப்பக்கம் போங்கோ."

"அதுதான் என்ரை துவலெத்!" எண்டு கத்திக்கொண்டு கீழை கையைக் காட்டினன்.

அவ மாலையைப் பாத்தா. பொட்டைப் பாத்தா. என்னைப் பாத்தா. மெதுவா ஆமிக்காரனைக் கூப்பிட்டா.

துவக்கோடை ஆமி கிட்ட வந்தால் எங்கடை ஆக்களின்ரை கைக்கு ஒரு பழக்கம் இருக்கு. ஒருத்தரும் கேக்காமலே நான் ரெண்டு கையையும் மேலை தூக்கினன். தூக்கின வீச்சிலை முதுகுப்பை திறந்து, கொமட் மூடி 'டமார்' எண்டு நிலத்திலை விழுந்து, உருண்டு போய் ஆமிக்காரன்ரை காலடியிலை படுத்துது.

எல்லாரும் அதைப் பாத்திச்சினம்.

"ஆ!" எண்டா பொலிஸ்காரி. "துவலெத்!"

"வி, மதாம்" எண்டன் நான், கையை இறக்காமல்.

என்னைக் கீழை கூட்டிக்கொண்டு போச்சினம். முதலிலை ஒரு நாயை விட்டு மோந்து பாக்க வைச்சினம். நாய் கிட்டப் போய்க் குங்குமத்தை இழுத்து மணந்துபோட்டுத் தும்மிச்சுது. பிறகு என்னைத் திறக்கச் சொல்லிச்சினம்.

திறந்தன். மூண்டு சுற்று எல்லோ! ஒவ்வொரு சுற்றுக் கழரேக்கையும் படியிலை நிண்ட சனம் போனை இன்னும் உயர்த்திப் பிடிச்சுது.

கடைசிச் சுற்றுக்கு வரேக்கைதான் ஈரக் கையை உதறிக்கொண்டு மாஸ்டர் வந்து, பொலிஸ்காரியோடை வாதாடி உள்ளுக்கை வந்தார்.

"என்ன தம்பி, நடு ஸ்ரேசனிலை பிள்ளையாரைத் திறக்கிறீர்?"

"மாஸ்டர், எங்கை போனனீங்கள்?"

"கக்கூசுக்கு. சாமிக்குப் பக்கத்திலை நிண்டு அடக்கிக்கொண்டிருக்கக் கூடாது எல்லோ."

நான் கடைசிப் பையை இழுத்தன்.

வெள்ளைப் பீங்கான், லைற் வெளிச்சத்திலை மினுங்கிச்சுது.

மாஸ்டர் அதைப் பாத்தார். என்னைப் பாத்தார். திரும்பவும் அதைப் பாத்தார்.

"இதுக்கோ நான் சப்பாத்துக் கழட்டினனான்?"

பொலிஸ்காரி சுவர்ப்பக்கம் திரும்பி நிண்டு சிரிச்சா. அவவின்ரை தோள் குலுங்கினதைப் பாத்துத்தான் நான் பொலிஸ் மறியலுக்குப் போகமாட்டன் எண்டு நம்பிக்கை வந்துது. நல்லா ஏசிப் பேசித்தான் விட்டவ. சனமும் பேசிச்சுது. குசினிச் சப்பாத்து அண்ணை நாடாவைத் தாண்டி ஓடி வந்து, "நீர்தானோ அது? பொறுப்பில்லாத சனம் எண்டீர்!" எண்டார்.

"ஓமண்ணை. நானும் சனம்தானே."

றெயின் ஓடத் தொடங்கிச்சுது. மாலையைக் கையிலை வைச்சிருக்க வழியில்லாமல் அதைத் திரும்பவும் கொமட்டுக்கே போட்டிட்டு ஏறினன். மாஸ்டர் எனக்கு முன்சீற்றிலை இருந்து யன்னலாலை வெளியிலை பாத்துக்கொண்டு வந்தார். ஸ்தேனிலை இறங்கேக்கை குனிஞ்சு, மெதுவா ஒண்டு சொன்னார்.

"தம்பி, அந்த மாலையையாவது கழட்டும்."

கூசேன்வில்லிலை நான் போய்ச் சேரேக்கை பிளம்பர் சாமான்களை வானுக்குள்ளை அடுக்கி முடிச்சு, வான் கதவிலை கை வைச்சுக்கொண்டு நிக்கிறான். அவசர அந்தரத்திலை நான் மாலையைக் கழட்ட மறந்துபோனன்.

அவன் கனநேரம் பாத்துப்போட்டுக் கேட்டான். "உங்கடை ஆக்கள் இதுக்கு இவ்வளவு மரியாதையோ?"

"ஓம்" எண்டன். விளங்கப்படுத்தத் தெம்பில்லை.

மனுசன் திரும்பவும் சாமான்களை இறக்கிப் பூட்டித் தந்திட்டுத்தான் போனான். தண்ணியை இழுத்துவிட்டுப் பாத்தன். அந்தச் சத்தத்தைக் கேக்க எனக்குக் கண் கலங்கிப்போச்சுது. சிரியாதேங்கோ. ஒற்றை அறையிலை நாலு பேரா இருந்து பாத்தால் தெரியும்.

பின்னேரம் அறைக்கு வந்தன். ரஜனி கதவைத் திறந்தா.

"பூட்டியாச்சோ?"

"பூட்டியாச்சு."

"வழியிலை ஆரும் கண்டவையோ?"

"ஒருத்தரும் காணேல்லை."

"அப்பிடியோ? கனடாவிலை இருந்து உங்கடை தங்கச்சி போன் எடுத்தவ. வீடியோவை முழுக்கப் பாத்தவவாம். கையை ஏன் தூக்கினனீங்கள் எண்டு கேக்கிறா."

மகள் போர்வைக்குள்ளை தலையை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையளும் பாத்திட்டினமாம்.

மாசக் கடைசியிலை அறையை விட்டிட்டு வீட்டுக்குப் போனம். புது வீட்டுக் குடிபூரலுக்கு நிறையச் சனம் வந்துது. மாஸ்டரும் வந்தார், கோவத்தை விட்டிட்டு. நான் சாமியறையைக் காட்டினன், புதுக் குசினியைக் காட்டினன். ஒருத்தரும் நிண்டு பாக்கேல்லை. "அது எங்கை, அது எங்கை" எண்டு கேட்டு வரிசையிலை போய்ப் பாத்து, படமும் எடுத்துக்கொண்டு போச்சினம்.

இப்ப நான் மாம்பழம் வாங்கினாலும், உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு ஊருக்கே தெரியிற பையிலைதான் கொண்டுவாறது.