காய்ச்சல் மருந்தைப் பிடுங்கிக்கொண்டு போன லைன்மேன்

அடுத்த வீட்டு விஷயத்தில் எங்கள் தெரு லைன்மேன் அளவுக்கு உரிமையோடு மூக்கை நுழைத்தவர் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே கிடையாது. இருந்தால் சொல்லுங்கள், அவரோடும் சண்டை போட நான் தயார்.

கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொள்வார். அவர் இறங்கி வந்து மாட்டும்வரை யாரும் கரண்ட் விட முடியாது. நல்ல பழக்கம்தான், கம்பத்தோடு நின்றிருந்தால். கண் ஆபரேஷன் செய்துகொண்ட வாத்தியாரின் டிவி ரிமோட் ஒரு வாரம் அவர் பையில்தான் இருந்தது. பல் பிடுங்கிக்கொண்ட மளிகைக்கடைக்காரரின் பாக்குப் பொட்டலமும் அங்கேதான் போனது.

அப்புறம் என் வீட்டுக்கு வந்தார்.

அன்று புதன்கிழமை. திருவரங்குளத்தில் என் மகளுக்கு நாற்பத்தைந்தாவது நாள் ஊசி போட்டுக்கொண்டு வந்தோம். மத்தியானத்துக்குள் தொடை வீங்கி, உடம்பு சுட்டது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் என்று ஊசி போட்ட நர்சம்மா சொன்னபடி, என் மனைவி ஒரு மணிக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்தாள். அந்நேரம் பார்த்து லைன்மேன் உள்ளே வந்தார்.

"மருந்து குடுத்தாச்சா தங்கச்சி?"

"இப்பத்தாண்ணே குடுத்தேன்."

பாட்டிலை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். "ஏழு மணிக்குக் கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டுப் போயேவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது? நாலு மணிக்குக் குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்ததும் நேரே அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"எம் புள்ளை, எம் மருந்து. நடுவுல நீங்க யாருண்ணே?"

"நான் யாரா வேணா இருந்துட்டுப் போறேன் தம்பி. ஏழு மணிக்கு வாரேன்."

"புள்ளைக்கு ஒடம்பு கொதிக்குது."

"நர்சம்மாவுக்குப் போனைப் போட்டுக் கேளுங்க. அவங்க குடுக்கச் சொன்னா இந்தா, இப்பவே தாரேன். ஒரு ஆளு ரெண்டு தடவ குடுக்கமாட்டான் தம்பி. ஒரு வீட்டுல இருக்கவுக ஆளுக்கொரு தடவ குடுத்துப்புடுவாங்க. கம்பத்துலயும் இதே கததான்."

"எங்க வீட்டுல எல்லாருக்கும் அறிவிருக்கு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுத் திரும்பினேன். நர்சம்மாவுக்குப் போன் போடவில்லை. அவர் சொல்லி நான் போடுவதா? நேரே மெடிக்கலுக்குப் போய்ப் புது பாட்டில் வாங்கி, அவர் கண்ணில் படாமல் கைலி மடிப்பில் செருகிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் எங்களோடு இருக்கும் என் அக்கா அடுப்படி வாசலில் முகம் செத்துப்போய் நின்றிருந்தாள்.

"தம்பி, புள்ள அழுகுறதப் பாக்கச் சகிக்கல. எம் மகனுக்கு வாங்கி வச்ச மருந்துல கொஞ்சம் குடுத்துட்டேன். ஒம் பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லல."

ஒரு மணிக்கு ஒன்று. நாலரைக்கு ஒன்று. மூன்றாவது என் இடுப்பில் இருந்தது. அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அதையும் நானே ஊற்றியிருப்பேன்.

ஓடிய ஓட்டம் மறுபடி அவர் வீட்டுக்குத்தான். நடந்ததைச் சொன்னேன். "அப்பவே சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே சண்டைக்குப் போயிருப்பேன். அந்த மனிதர் சொல்லவில்லை. "எந்த பாட்டிலு, எவ்வளவு? எடுத்துக்கிட்டுப் பைக்குல ஏறுங்க" என்றார். என் மனைவி குழந்தையோடு பின்னால் உட்கார, மூவரையும் ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போனார்.

டாக்டர் பாட்டிலைப் பார்த்தார், அளவைக் கேட்டார், குழந்தையைப் புரட்டிப் பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை, தான் சொல்லும்வரை இனி ஒரு சொட்டும் கொடுக்கக்கூடாது என்றார். என் மனைவி அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். எனக்கும் அழுகைதான், கோபமாக இருப்பதுபோல் நின்றுகொண்டேன்.

வெளியே வந்ததும் லைன்மேன் அக்காவின் பாட்டிலை வாங்கிப் பையில் போட்டார். பிறகு என் கைலியைப் பார்த்தார்.

"மடியில என்ன தம்பி?"

எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த மாதமே அவரை இலுப்பூருக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டாவது ஊசி போட்ட அன்று, முதல் வேளை மருந்தைக் கொடுத்த கையோடு அவருக்குப் போன் போட்டேன். "குடுத்தாச்சுண்ணே" என்றேன். வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை. டூட்டி முடிந்து, பஸ் பிடித்து, ஏழு மணிக்கு முன்னால் வந்து நின்றார். என் கோபம் இன்னும் போகவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று அவருடைய செருப்பை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டேன்.